முகம் வேண்டாம், கை இருக்கட்டும்

கலியாண வீடியோக்காரனுக்குப் படம் பிடிக்கத் தெரிவதைவிட ஆளை வெட்டத் தெரிவதுதான் முக்கியம். காலையிலிருந்து கமெராவைத் தோளில் சுமந்து, கடைசிப் பந்தியில் பாயாசம் முடிந்தபிறகு சாப்பிட உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. மண்டபத்தில் கட்டிப்பிடித்துச் சிரித்த சொந்தங்கள் வீடியோ கைக்கு வருவதற்குள் கோபித்துக்கொண்டு விடுவார்கள். பிறகு எங்களுக்குத்தான் வேலை.

தோழன் இல்லாத மாப்பிள்ளை

சுவிசில் லாங்கன்தால் என்ற ஊரில் ஒரு கலியாணம். எங்கள் முறைப்படி பெண்ணின் தம்பி தோழனாக வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டார். பெண் வரும்வரை அவன்தான் மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்.

நான் வீடியோவை முடிக்கிற நேரம் இரண்டு வீட்டுக்கும் ஏதோ கொழுவல். மாப்பிள்ளையின் தகப்பன் என் வீட்டுக்கே வந்து, தோழனை முழுக்க எடுத்துவிடச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை என்று திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். மோதிரம் போடும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"முகம் வேண்டாம் தம்பி, கை இருக்கட்டும். மோதிரம் நாங்கள் போட்டது."

காரில் வந்த கேள்வி

லென்ஸ் வாடகைக்கு எடுக்கும் கடையில்தான் தரியுஸைச் சந்தித்தேன். லித்துவேனியாக்காரன், படம் எடுப்பவன், ஆண்களை விரும்பும் ஆண். மூன்றையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டான். எடுத்த படமெல்லாம் தன்னைப் போன்றவர்களைப் பற்றித்தான். அவன் ஊரில் முதல் படத்துக்கு ஒத்துக்கொண்ட மண்டபம் கடைசி நேரத்தில் கதவைப் பூட்டிவிட, வாசலில் படுக்கை விரிப்பைக் கட்டி அதில் படத்தைக் காட்டினானாம். தகப்பன் குடும்பப் பெயரை எடுத்துவிடச் சொல்ல, அடுத்த படத்தில் அதை இன்னும் பெரிய எழுத்தில் போட்டானாம். இப்போது சுவிசுக்கு வந்து சேர்ந்த அப்படியான ஆண்களைப் பற்றி எடுக்கிறான், இரண்டாவது கமெராவுக்கு ஆள் வேண்டும் என்றான்.

நான் சம்மதித்ததற்குக் காரணம் தொழில் ஆசை இல்லை. எனக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும். அது அப்போது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. படப்பிடிப்புக்கு நொஷாட்டலுக்குப் போகும் வழியில் அவனுக்குத் தோழன் கதையைச் சொன்னேன். காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "நீயும் எங்களில் ஒருவன்தானே?" என்று கேட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. சனிக்கிழமை ஒரு கலியாணம் இருக்கிறது என்றேன்.

"நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது உன் வேலை நேரம்."

சந்தையில் அன்ரி

ஆணும் ஆணும் மணம் முடிக்கலாமா என்று நாடு வாக்களித்த வருடம். தரியுஸுக்கு இங்கே வாக்கு இல்லை, வாய் இருந்தது. சோலோதுர்னில் சந்தை நாளன்று இரண்டு ஆண்களை மாலையும் கழுத்துமாக நிறுத்திவைத்து, போவோர் வருவோரை எல்லாம் மறித்துக் கதைத்தான். நான் கமெராவுக்குப் பின்னால் முடிந்தவரை குனிந்து நின்றேன்.

மரக்கறிப் பையோடு வசந்தி அன்ரி வந்தார். அவருடைய மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்கு நான்தான் வீடியோ. "என்ன தம்பி, இதுகளுக்கும் எடுக்கிறனீயோ?" என்றார். "வேலைதானே அன்ரி" என்றேன். மாலை போட்டிருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாததால் தப்பினேன். ஆனாலும் உடம்பெல்லாம் கூசியது. அன்ரி என் தோளில் தட்டினார்.

"அப்ப சரி. வேலையெண்டா என்ன செய்யிறது, பாவம் நீ."

பெயர் போடும் நாள்

படம் முடிந்து, கடைசியில் பெயர்கள் போடும் நாள் வந்தது. என் பெயர் வேண்டாம் என்றேன். அம்மா இருக்கிறா, கோயில் இருக்கிறது, ஒத்துக்கொண்ட கலியாணங்கள் இருக்கின்றன என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாமே உண்மைதான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டவனிடம் போய் என் பெயரை எடுத்துவிடு என்று கேட்க வெட்கமாக இருந்தது.

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டாவது எழுந்து போயிருப்பேன். அவன் என் பெயரை அழித்தான். 'இரண்டாவது கமெரா' என்பதை மட்டும் விட்டுவைத்தான்.

"சரி. முகம் வேண்டாம், கை இருக்கட்டும்."

பக்கத்துக் கதிரை

சோலோதுர்னில் படம் காட்டியபோது நான் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றே பார்த்தேன். படம் முடிந்து, தரியுஸ் பேசுவதற்காக விளக்குப் போட்டதும் எனக்கு நேர் முன்னால் வசந்தி அன்ரி. பக்கத்தில் அவருடைய மகன் நிரோஷன், அவன் கையைப் பிடித்தபடி ஒரு சுவிஸ்காரன். அன்ரியின் கண்கள் சிவந்திருந்தன. மகன் ஏன் இந்தப் படத்துக்குத் தாயைக் கூட்டி வந்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. மெல்ல நழுவப் பார்த்தேன். அன்ரி திரும்பிவிட்டார்.

"அண்டைக்கு வேலையெண்டு சொன்னனீ. இண்டைக்கும் வேலையோ?"

நிரோஷன் என்னையே பார்த்தான். நான் ஓம் என்று சொன்னால், எங்கள் சனத்துக்குள் தன் பிள்ளை ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு அந்த மனிசி வீட்டுக்குப் போகும். "இல்லை அன்ரி. நானும்தான்" என்றேன். தலையை நிமிர்த்திச் சொன்னேன் என்று எழுத ஆசைதான், ஆனால் சப்பாத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அன்ரி மற்றப் பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஏன் பின்னால நிக்கிறாய்? இதில வந்து இரு."

அதற்குப் பிறகு படத்தில் என் பெயர் வந்தது, என்னைக் கூப்பிடும் கலியாணங்கள் பாதியாகக் குறைந்தன, வெட்கம் மட்டும் வெட்டியெடுக்க முடியாத தோழனாக இன்னும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.