பொத்தான் டப்பாவில் மாத்திரை

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள் தையல்காரி. ஒவ்வொரு மாத்திரையையும் தனியே, பிசிறில்லாமல், சட்டைக் காலர் வெட்டும் அதே கவனத்தோடு. அட்டையில் அச்சடித்த பெயர் துண்டு துண்டாக உதிர்ந்தது. மாத்திரைகள் நிறவாரியாகப் பொத்தான் டப்பாவின் அறைகளுக்குள் போய் உட்கார்ந்தன. எதையும் தீருவதற்கு முன்பே வாங்கி வைப்பது அவள் வழக்கம்.

வீட்டில் பத்து நாளாக ஒரு புதிர். பள்ளி வேன் ஓட்டும் கணவருக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. வேனை நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு வாரம் போனால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வெயில் என்றார் ஒருவர், கண் என்றார் இன்னொருவர். அவளும் சாப்பாடு, தூக்கம், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்துவிட்டாள். முடிச்சு அவிழவில்லை.

அன்று மாலை, ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் நாத்தனார் வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்கும் முன்பே டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி, இது மருந்தா, ஜாக்கெட் பொத்தானா?"

"ரெண்டும் ஒழுங்கா இருக்கணும்ல."

"இந்த மஞ்சள் எதுக்கு?"

"உங்க அண்ணன் பிரஷருக்குத்தான். பத்து நாள் முன்னாடி, வெள்ளை தீருமுன்ன வாங்கப் போனப்ப கடையில இதக் குடுத்தாங்க. வெள்ளையோட சேத்துக் குடுக்கிறேன்."

"டாக்டர் ரெண்டு போடச் சொன்னாரா?"

தையல்காரி யோசித்தாள். டாக்டர் சொல்லவில்லை. நிறம் வேறென்றால் மருந்தும் வேறு என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். பெயரைப் பார்க்கலாமென்றால் அட்டை எங்கே? ஆனால் எந்தத் துண்டையும் குப்பையில் போடுகிறவள் அல்ல அவள். வெட்டுத்துணிப் பையைக் கவிழ்த்து, ஊசிமெத்தைக்குள் அடைக்கச் சேர்த்திருந்த அட்டைத் துணுக்குகளைப் பொறுக்கினாள். பூப்போட்ட துணியில் பூவோடு பூ பொருத்துவது போல, இருவரும் அவற்றை மேஜையில் பொருத்தினார்கள். பெரிய எழுத்தில் இரண்டு பெயர்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரே மருந்து, ஒரே அளவு. கம்பெனிதான் வேறு.

"ஒரே துணி. சாயம்தான் வேற," என்றாள் தையல்காரி மெதுவாக.

"பத்து நாளா எனக்கு டபுள் டூட்டியா?" என்றார் கட்டிலில் கிடந்த வேன்காரர்.

நாத்தனார் அப்போதே டாக்டருக்குப் போன் போட்டாள். இன்று வேறெதுவும் கொடுக்க வேண்டாம், காலையில் அழைத்து வாருங்கள் என்றார்.

மறுநாள் காலை டாக்டர் அளந்து பார்த்து, தினம் ஒன்றே போதும், மூன்று நாளில் மறுபடி பார்த்துவிட்டு வேன் எடுக்கலாமா என்று சொல்கிறேன் என்றார். திரும்பும் வழியில் பெயரில்லாத மாத்திரைகளையெல்லாம் அவள் மருந்துக்கடையில் ஒப்படைத்தாள். புது அட்டையை முழுசாக, டாக்டர் சீட்டோடு, அடுப்படியைத் தாண்டியிருந்த அலமாரியில் வைத்தாள். பிறகு கத்தரிக்கோலின் வளையத்தில் கயிறு கோத்துத் தையல் மிஷின் காலில் கட்டி, அலமாரி வரை எட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

எட்டவில்லை.