நடுவில் நிற்காத பாடகி

டெஸ்டர் என்று சொன்னால்தான் ஊரில் அவரைத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக வீட்டு வயரிங் வேலை. சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: ஒருத்தி மனைவி, இன்னொருவர் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த டாக்டர். வயரில் வைத்ததும் டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. உலகத்தில் மற்ற விஷயங்களும் இவ்வளவு தெளிவாக இருந்தால் தேவலை என்பது அவர் கருத்து.

மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். முப்பது வருடம் வலது காதில் ரிசீவர். வேலையில்லாத நேரத்தில் இடது காதுப் பக்கம் சின்ன ரேடியோ. அவள் ஓய்வு பெற்ற மாதம், இனியாவது இரண்டு காதாலும் பாட்டுக் கேட்கட்டும் என்று டெஸ்டர் சிடி போடும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். கூட வந்த விளக்கப் புத்தகத்தின் உறையைப் பிரிக்கவில்லை. புத்தகம் பார்க்காமல் அரை ஊருக்கு வெளிச்சம் கொடுத்த கை அது.

தரையில் வயர் ஓடினால் அது வயரிங் இல்லை, துணி காயப்போடும் கொடி. எனவே ஹால் சுவரை வெட்டி, பைப் புதைத்து, அதற்குள் சிவப்பும் கறுப்புமாக வயரை இழுத்தார். இடது ஸ்பீக்கரின் வயர் ஒழுங்காக வந்து சேர்ந்தது. வலது ஸ்பீக்கரின் வயர் பைப்புக்குள் ஒரு முறை புரண்டு வந்தது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் உள்ள சிவப்புக் கிளிப்பில் சிவப்பைச் செருக வேண்டுமென்றால் ஒரு வயரை இன்னொன்றின் மேல் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். வயர் மேல் வயர் ஏறுவது அவர் கண்ணுக்கு ஆகாது. பாட்டை ஓடவிட்டு, இரண்டு கிளிப்பிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. எரியாத இடத்தில் எந்த வயர் எந்தப் பக்கம் போனால் என்ன? கறுப்பைச் சிவப்பிலும் சிவப்பைக் கறுப்பிலுமாக, நேர்க்கோட்டில், பார்க்க அழகாகச் செருகினார்.

இரண்டு நாற்காலி போட்டார். மனைவியின் நாற்காலியை மட்டும் டேப் வைத்து அளந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் வைத்தார். அவளுக்குப் பிடித்த பாடகியின் சிடியைப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்ச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"பாடுறவங்க நடுவுல இல்லங்க. சுவருக்குப் பின்னாடி எங்கயோ நிக்கிறாங்க. தாளமும் வத்திப்போய்க் கிடக்கு."

"ரெண்டு ஸ்பீக்கர்லயும்தான் வருது."

"வருது. ஆளைத்தான் காணோம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டெஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து கூடத்தை நிமிர்த்த ஆரம்பித்தார். பீரோ படுக்கையறைக்குப் போனது. ஜன்னலுக்குக் கனத்த திரை வந்தது. ஸ்பீக்கர்களுக்கு அடியில் செங்கல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவள் கடமையாக வந்து உட்காருவாள். இரண்டு நிமிடத்தில் எழுந்து போவாள். நாற்காலியின் மெத்தை புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் பழி அவள் காதின் மேல் விழுந்தது. முப்பது வருடம் ரிசீவர் தின்ற காது, அதற்கு ஸ்டீரியோ எப்படிப் பிடிபடும்? காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா இரண்டு காதையும் சோதித்து, இந்த வயதுக்கு இந்தக் காது கொஞ்சம் அதிகப்படி என்றாள். பிறகு வந்ததற்கு இருக்கட்டும் என்று டெஸ்டரின் காதைச் சோதித்து, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். அந்த மருந்தைப் பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை.

ஐந்து மாதம் ஆனது. வெட்டிய சுவரைப் பூசிய இடம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது என்று மனைவி சொன்னதால் பெயிண்டர் வந்தார். சாமான்களை எல்லாம் நகர்த்தி, வயர்களைக் கழற்றி, ஹாலுக்கு வெளிர் பச்சை அடித்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பாட்டைப் போட்டதும் மனைவி உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் ஆனது. நான்கு நிமிடம் ஆனது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை ஏணியை எடுக்க வந்த பெயிண்டரிடம், வெளிர் பச்சைக்கு ஒலியை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு என்று டெஸ்டர் விளக்கினார். பெயிண்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"இருக்கலாம் சார். அப்புறம், அந்தப் பெட்டிக்குப் பின்னால ஒரு பக்கம் மட்டும் கலர் மாறிக் கிடந்துச்சு. சிவப்புக்குச் சிவப்பு போட்டு மாட்டிட்டேன். எனக்குக் கரண்ட் தெரியாது, கலர்தான் தெரியும்."

டெஸ்டர் உள்ளே போய் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மண்டியிட்டார். வலப்பக்கம் வயர் மேல் வயர் ஏறிக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சோதிக்காமல் எதையும் ஒத்துக்கொள்கிறவர் இல்லை அவர். மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பாட்டுப் போட்டார். அவள் உட்கார்ந்திருந்தாள். ஆஃப் செய்து, வயரைத் தன் பழைய முறைப்படி மாற்றி, மறுபடி போட்டார். அவள் எழுந்து போனாள். சிவப்புக்குச் சிவப்பு மாற்றினார். பாதி வழியில் நின்று திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை கிளிப்பில் கை வைத்தபோது அவள் கேட்டாள்:

"நான் என்ன, உங்க டெஸ்டரா?"

அவர் எழுந்து நின்றார். முழங்காலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"உன் காதுல கோளாறு எதுவும் இல்ல."

"அத டாக்டரம்மா சொல்லி மூணு மாசம் ஆச்சு."

அவர் தொழிலில் எந்தக் கோளாறுக்கும் மூன்று காரணம் தயாராக உண்டு: வோல்டேஜ், எலி, இதற்கு முன்னால் வேலை பார்த்த ஆள். இந்த வீட்டில் வோல்டேஜ் சரியாக இருந்தது. எலி கிடையாது. முன்னால் வேலை பார்த்த ஆளும் அவர்தான்.

"நான்தான் வயர மாத்திக் கொடுத்துட்டேன். ஒரு ஸ்பீக்கர் தள்ளுறப்ப இன்னொண்ணு இழுத்திருக்கு" என்றார். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துத்தான் சொன்னார்.

எதிர்முனையில் இருப்பவர் பேசி முடித்தாரா இல்லையா என்று பொறுத்துப் பார்ப்பது அவளுக்கு முப்பது வருடப் பழக்கம். பொறுத்தாள். வேறு ஒன்றும் வரவில்லை.

"அஞ்சு மாசம். காலு வலிக்க நின்னுக்கிட்டே கேட்டிருக்கேன்" என்றாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி, முதல்லேருந்து போடுங்க. நடுநடுவுல புடுங்கிட்டீங்க."

அவர் முதலிலிருந்து போட்டுவிட்டு அவளுக்கு வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, நட்டநடு ஹாலில், பாடகி வந்து நின்றிருக்க வேண்டும். அவள் முகம் அப்படித்தான் சொன்னது. அளந்து போட்ட நாற்காலி அவளுடையது மட்டும்தான்; ஓரமாக அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பாடகி வலது ஸ்பீக்கரோடு ஒண்டிக்கொண்டுதான் பாடினாள். அவர் நாற்காலியை நகர்த்தவில்லை.