வெப்சைட் பெயருக்கு விலை சொல்லிப் பிழைத்த கதை

மனைக்கு மதிப்புப் போடுகிறவர் கையில் அளக்க ஒரு நாடாவாவது இருக்கும், மாட்டுக்கு விலை சொல்கிறவர் பல்லையாவது பிடித்துப் பார்ப்பார். வெப்சைட் பெயரை மறுபடி விற்றால் என்ன கிடைக்கும் என்று சொல்லிப் பிழைத்த என்னிடம் இருந்தது வாய் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு விலை சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். தம்பானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், கீச்சுக்கீச்சென்று கத்தி இன்டர்நெட்டைப் பிடிக்கிற ஒரு மோடம். ஒரு பெயரை நீங்கள் முதலில் பதிவு பண்ணிவிட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது, வேண்டுமென்றால் உங்களிடம்தான் விலை கொடுத்து வாங்க வேண்டும். வெளிநாட்டில் எவனோ அப்படி விற்றுப் பணக்காரன் ஆனான் என்று பேச்சு வந்ததும் ஊரில் ஆளாளுக்குப் பதிவு பண்ண ஆரம்பித்தார்கள். நானும் மூன்று பெயர் வைத்திருந்தேன். ஒன்று சுற்றுலாவுக்கு, ஒன்று மிளகு வியாபாரத்துக்கு. மூன்றாவது எதற்கென்று எனக்கே தெரியாது, சின்னதாக இருந்தது, வாங்கிப் போட்டேன்.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட இடத்திலெல்லாம் சம்பந்தம் கலைந்தது. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, பையன் பேரில் பதினைந்து லட்சம் சொத்து இருக்கிறது என்று தரகரிடம் சொல்லிவிட்டாள். சொத்து என்றது அந்த மூன்று பெயர்களை. தரகரும் பாறசாலையில் டீச்சராக இருந்த உஷா என்ற பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்து தந்தார். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது, அதனாலேயே பயம் வந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "பதினஞ்சு லட்சம்னு நீதானல சொன்ன? நானா வெல போட்டேன்?"

மூலை மனை

முதல் வாடிக்கைக்காரர் பழவங்காடியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி. மருமகன் பேச்சைக் கேட்டு, சிப்ஸ் என்று முடிகிற ஒரு பெயரைப் பதிவு பண்ணியிருந்தார். நாலு பக்கம் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தேன். சின்னப் பெயர், வாயில் சுலபமாக நுழைகிறது, கடைசியில் டாட் காம் இருக்கிறது, ஆகவே மூன்று லட்சம். மூன்று எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு என்றால் அவர் முகம் வாடியிருக்கும், நாலு என்றால் என் குரல் நடுங்கியிருக்கும்.

அண்ணாச்சி மனை வாங்கி விற்றுப் பழகியவர். ரோட்டை ஒட்டி இருக்கா, மூலை மனை மாதிரியா, வில்லங்கம் ஏதும் உண்டா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ரிப்போர்ட்டை நிதானமாக மடித்து என் பக்கமே தள்ளி வைத்தார். "அப்போ ரெண்டே முக்காலுக்கு நீங்களே எடுத்துக்கிடுங்களேன் தம்பி, உங்களுக்குக் கால் லட்சம் லாபந்தானே?"

தேறாத பெயர்

பட்ட பிறகு புத்தி வந்தது. இனி யார் வந்தாலும் குறைத்துச் சொல்வது என்று முடிவு பண்ணினேன். அடுத்து வந்து மாட்டியது ஷீலா. கோவளத்தில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்த மலையாளிப் பெண். ஆயுர்வேத எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒரு பெயர் வைத்திருந்தாள், படித்து முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. ஒன்றும் தேறாது, அடுத்த வருஷம் புதுப்பிக்கக்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். சம்பளத்தை இப்படிப் பாழாக்கலாமா என்று புத்திமதி வேறு.

இரண்டு மாதம் கழித்து லட்டு டப்பாவோடு வந்தாள். ஹோட்டலில் தங்கிய ஒரு ஜெர்மன் தம்பதி அந்தப் பெயரை வாங்கிவிட்டார்களாம். அந்தப் பணத்தில் வாங்கிய ஸ்கூட்டரை ஜன்னல் வழியாகக் காட்டினாள், நல்ல மயில்நீலம். நான் லட்டைத் தின்றுகொண்டே என் ரிப்போர்ட் ஏதாவது உதவியதா என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்விதான், ஆனால் கேட்டேன். "பின்னே இல்லாம? ஒண்ணும் கிட்டாதுன்னு சார் எழுதித் தந்ததுனாலதானே, போனாப் போகட்டும்னு வாயில வந்த விலையைக் கேட்டேன்."

ஜன்னல் வெளிச்சத்தில்

ஒரு மத்தியானம் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல் பை. சொந்த விஷயம் எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, இதில் இருக்கிற மூன்று பெயருக்கும் என்ன விலை பெறும் என்றார். வாங்கிப் பார்த்தால் மூன்றும் என் பெயர்கள்! இரண்டு வருஷமாக ஈ காக்கா எட்டிப் பார்க்காத சரக்குக்கு ஆள் வந்துவிட்டது. அவை யாருடையவை என்று நான் மூச்சுவிடவில்லை. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, பதினைந்து லட்சம் என்றேன். குரல் நடுங்கவே இல்லை, அத்தனை பழக்கம்.

அவர் ரிப்போர்ட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து, "மக கல்யாணத்துக்குன்னு இருபது வருஷமாச் சேத்து வச்சிருக்கேன், தம்பி. இதை நம்பி இறங்கலாமா?" என்று கேட்டார்.

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா சொன்ன சொத்து நிஜமாகிவிடும், உஷாவும் கிடைப்பாள். நல்லவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள், பயந்துவிட்டேன், அவ்வளவுதான். நாளைக்கு இந்த மனுஷர் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தால் நான் எந்த ஜன்னல் வழியாகக் குதிப்பது? இறங்க வேண்டாம் என்றேன். மூன்றும் என்னுடையதுதான், இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை, மதிப்பு பூஜ்யம் என்றேன். எழுதித் தர முடியுமா என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "அப்போ உங்க அம்மா தரகர்கிட்ட சொன்ன பதினஞ்சு லட்சம் இதுதானா?"

பாறசாலையில்

நடந்ததை வீட்டில் சொன்னேன். நாலு நாள் அம்மா சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. தரகர் போட்டோவைத் திருப்பிக் கேட்டு வருவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். கொடுக்க மனசே இல்லை. அந்த நாலு நாளும் எனக்கு அழுகை அழுகையாக வந்தது, மறைப்பானேன்.

ஐந்தாம் நாள் தரகர் வந்தார். போட்டோவைக் கேட்கவில்லை. பெண் வீட்டில் வரச் சொல்கிறார்கள் என்றார். போனோம். அங்கே உஷாவின் மாமா ஒருத்தர் என் பூஜ்யக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கைநிறையச் சம்பாதிக்கிற மாப்பிள்ளைகள் ஊரில் இல்லையா என்று என் எதிரிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது நியாயம்தான், எனக்கே அவர் பக்கம் சேர்ந்துகொள்ளலாம் போலிருந்தது. உஷா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இந்தத் தொழிலையே தொடரப்போகிறீர்களா என்று. கரமனையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டேன் என்றேன். அது உண்மை. அவள் தன் அப்பாவை, அன்றைக்குத் தோல் பையோடு வந்த அதே மனுஷரைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

அவள் அப்பா கூட்டுறவு பேங்க் ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ரிட்டயரானவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மாமாவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் உரைகல்லும் கையுமா இருந்தவன் நான். தன் கையில இருக்கது கவரிங்னு தானே எழுதித் தந்த ஆளை இப்பதான் பாக்கேன்."

நான் எழுதின அத்தனை ரிப்போர்ட்டிலும் விலை சரியாக வந்தது அந்த ஒரு பூஜ்யத்தில்தான், அதையும் உஷா நகைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, என் வாய் கொஞ்சம் நீளும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள்.