ஏகாம்பரம் அண்ணனின் டாம்பரின்

1. வால்வு

கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கும் வால்வுகளை நான் மாற்றிக் கொடுத்த மறுநாளே ஏகாம்பரம் அண்ணன் ஆம்ப்ளிஃபயரை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ராயபுரத்தில் இருக்கும் என் கடைக்கு வந்துவிட்டார். கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய செட்டு, நல்ல கனம். மூச்சிரைத்துக்கொண்டே, "தங்கச்சி, இன்னும் மங்கலாதான் கீது" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வால்வு நான்கும் டெஸ்டரில் பார்த்து ஜோடி சேர்த்துப் போட்டவை. உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்த சாக்கெட்டையெல்லாம் சுத்தம் செய்து, வால்வுக்குப் போகும் பயாஸ் வோல்டேஜையும் சரிபார்த்திருந்தேன். கடையில் போட்டுக் காட்டினேன். கணீரென்று பாடியது.

"இன்னாண்ணே கொறை?"

"எங்க கேசட்ட போட்டா டாம்பரின் வர்ல. நான் தட்னது. முன்னல்லாம் வரும்."

அண்ணன் துறைமுகத்தில் சிப்பிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பல் தகட்டில் படிந்த துருவைச் சுத்தியலால் தட்டி எடுக்கிற வேலை. லீவு நாட்களில் மெல்லிசைக் குழுவில் டாம்பரின் வாசித்தார், சின்னத் தகடுகள் கோத்துக் குலுக்கித் தட்டுகிற வளையம். மனைவி கஸ்தூரி அண்ணி அதே குழுவில் பாடியவர். அவர்கள் கச்சேரியில் மிஞ்சியது அந்த ஒரு கேசட்தான்.

2. ஃப்யூஸ்

அடுத்து அவருக்கு ஃப்யூஸ் மேல் சந்தேகம். வெள்ளிக் கம்பி ஃப்யூஸ் போட்டால் சவுண்டு திறந்துகொள்ளும் என்று வீடியோவில் யாரோ சொன்னானாம். வரவழைத்தே விட்டார்.

"அண்ணே, எரிஞ்சு போறதுக்குன்னே வச்சதுதான் ஃப்யூஸு. அது எங்க பாடப்போவுது?"

"போட்டுப் பாரும்மா. வேற இன்னாதான் பண்ணச் சொல்ற?"

அந்தக் குரலுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கவனியுங்கள்: என்ன ஃப்யூஸ் போட்டாலும் ஆம்பியர் செட்டில் எழுதியிருக்கிறபடியே இருக்க வேண்டும். கூட்டிப் போட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர் எரியும். வீடும் சேர்ந்து எரியலாம்.

ஸ்பீக்கரையும் பார்த்துவிடலாம் என்று செட்டோடு திருவொற்றியூரில் அவர் வீட்டுக்கே போனேன்.

3. கேசட்

புது ஃப்யூஸைப் போட்டு கேசட்டை ஓடவிட்டேன். அண்ணியின் குரலுக்குப் பின்னால் டாம்பரின் சலங்சலங்கென்று தெளிவாக வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, "வர்ல" என்றார். பிறகு திரும்பி, "உனக்கு கேக்குதா கஸ்தூரி?" என்றார்.

"எனக்குந்தான் கேக்கல."

சொல்லும்போதே அண்ணியின் விரல் கதவு நிலையில் தட்டிக்கொண்டிருந்தது. டாம்பரின் குலுங்கும் இடத்தில் மட்டும், பிசகாமல். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

குறை அண்ணனின் காதில் இருந்தது. இத்தனை வருஷச் சுத்தியல் சத்தம் சலங்கை மாதிரியான கூர்மையான ஓசைகளையெல்லாம் தின்றுவிட்டது. அண்ணி எப்போதோ அதைத் தெரிந்துகொண்டு மறைத்து வந்திருக்கிறார்.

"ட்ரான்ஸ்ஃபார்மர மாத்திப் பாக்கலாமா?" என்றார் அண்ணன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஏமாற்றுக்காரி.

"அண்ணே, டாம்பரின் வருது. எனக்கு நல்லா கேக்குது. காது டாக்டராண்ட காட்டுண்ணே."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அழுதுவிட்டார். "காது பூட்ச்சின்னு தெரிஞ்சா நீ ஒடிஞ்சு பூடுவன்னுதான்யா சொல்லல."

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் அண்ணியிடம் கேட்டார்: "நல்லா வாசிச்சிக்கீறனா?"

"ஒரு எடத்துலகூட தப்பல" என்றார் அண்ணி.

டாக்டர் காது மெஷின் கொடுத்தார். பேச்சு கேட்கிறது, டாம்பரின் திரும்பவில்லை. சவுண்டு மங்கல் என்று யார் வந்தாலும் இப்போதெல்லாம் நான் உடனே ஸ்க்ரூவைக் கழற்றுவதில்லை. வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூட்டிவரச் சொல்லி, இருவரையும் கேட்க வைக்கிறேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. டாம்பரின் வரும் இடங்களில் அண்ணி அண்ணனின் உள்ளங்கையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.