மூன்றாவது நீவல்

மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் காலை, இருசப்பன் கட்டட வேலைக்காகச் சென்னைக்குக் கிளம்பினான். நைனார்பாளையம் பேருந்து நிறுத்தம்வரை அவன் மனைவி ஆயம்மாளும் வந்தாள். போன வாரம் கரும்புக் கட்டைத் தலைக்கு ஏற்றும்போது வலது தோளில் சுருக்கென்று ஏதோ இழுத்தது. சொன்னால் பயணம் தடைப்படுமே என்று அவள் வாயே திறக்கவில்லை. அவனுடைய பையைத் தூக்கிக் கொடுத்தபோது முகம் சுளித்ததில் மாட்டிக்கொண்டாள்.

இருசப்பன் பிறக்கும்போது கால் முன்னால் வந்தவன். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று முறை நீவிவிட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது ஊரின் நம்பிக்கை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் அவன் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். அங்கேயே அவளைத் தரையில் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தால் தோளிலிருந்து கீழே நீவினான். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது முடியும்போதே பேருந்து வந்துவிட்டது.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. வந்து போடறேன்,” என்று படியில் தொற்றிக்கொண்டான்.

அந்த ஒன்றுக்காக ஆயம்மாள் காத்திருந்தாள். தலை வார முடியவில்லை, ரவிக்கைக்குள் கையை நுழைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், நடுவில் வேறு கை பட்டால் நீவியது வீணாகிவிடும் என்று மறுத்தாள். தினமும் பேசிக்கொண்டிருந்தவனின் போன் சித்திரையில் அணைந்தது. அணைந்தேதான் கிடந்தது.

“அந்தக் காலு அங்க எவ தோள்ல இருக்குதோ,” என்றாள் ஜெயம்மாள்.

“எவ தோள்ல இருந்தா இன்னா? மூணாவது என்னுது.”

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினாள். இது சுளுக்கே இல்லை என்றார் டாக்டர். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண் கிழிந்திருக்கிறது, அசைக்காமல் வைத்திருந்ததில் மூட்டும் இறுகிப்போய்விட்டது. தினமும் விரல்களைச் சுவரில் எறும்புபோல மேலே ஏற்றச் சொன்னார்.

வீட்டுச் சுவரில் ஓர் ஆணி. அதில் இருசப்பன் விட்டுப்போன நீலச் சட்டை தொங்கியது. முதலில் விரல்கள் சட்டையின் கீழ் ஓரத்தைத்தான் தொட்டன. ஆடியில் சட்டைப் பைக்கு ஏறின. கார்த்திகை மழையில் காலருக்கு வந்தன. ஆணி எட்டவில்லை. காலரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பாள். அதை டாக்டர் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலும் போய், மாசியில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“ஆயம்மா, நான்தான். சித்திரையில சாரத்துலர்ந்து வுழுந்துட்டேன், போனும் ஒடஞ்சிபோச்சி. அந்தக் காலுதான், முறிஞ்சிபோச்சி. உள்ள கம்பி வெச்சிருக்காங்க. இப்பதான் ஊனி நடந்துக்கினு இருக்கறேன். சொல்ல வெக்கமா இருந்துச்சி. கம்பி வெச்ச காலு சுளுக்கு எடுக்குமான்னு இங்க யாரக் கேக்கறது? தோளு எப்படி இருக்குது? பாக்கியப் போட வரட்டுமா?”