விடியற்காலையில் வெடிக்காத பிஸ்டல்

கண்டியில் துப்பாக்கி விற்க வந்தவர்கள் ஜவாஹிரைத் திட்டாமல் போனதில்லை. "ஒரு சீட்டு எழுத ரெண்டு நாளா?" என்பார்கள். மஹய்யாவப் பக்கம் பழைய கல்லுடைக்கும் குழிக்கு அருகில் குடியிருந்தவர்கள் வேறு காரணத்துக்காகத் திட்டினார்கள். பொலிசில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, விடிந்தும் விடியாமலும் அந்தக் குழிக்குள் நின்று டமார் டமார் என்று சுட்டால் யார்தான் திட்டமாட்டார்கள்? எல்லாவற்றையும் அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். உச்சி வெயிலில் ஒரு தடவை, விடியற்குளிரில் ஒரு தடவை சுட்டுப் பார்க்காமல் எந்தத் துப்பாக்கிக்கும் அவர் கையெழுத்துப் போடமாட்டார். இந்தப் பிடிவாதம் கூடப் பிறந்ததல்ல. 1932 ஜனவரி வரைக்கும் அவரும் மற்றவர்களைப் போல ஒரே தடவைதான் சுட்டுப் பார்த்தார்.

ஜவாஹிர் முதலில் தையல் மெஷின் பழுது பார்த்தவர். இரும்போடு இரும்பு உரசும் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்காகவே திருகோணமலை வீதி ஏலக்கடை முதலாளி அவரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். சீமைக்குத் திரும்பும் தோட்டத்துத் துரைமார் கதிரை, அலுமாரியிலிருந்து துப்பாக்கி வரைக்கும் அங்கேதான் ஏலத்துக்கு விடுவார்கள். துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது, என்ன பெறும் என்று சீட்டு எழுதுவது ஜவாஹிரின் வேலை. அவர் "நம்பலாம்" என்று எழுதினால் வாங்குகிறவர் மறுபேச்சுப் பேசமாட்டார். அதில் மனிதருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஜனவரியில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் தன் பழைய ஓட்டோமெட்டிக் பிஸ்டலை அனுப்பினார். பெல்ஜியத்தில் செய்தது, ஏழு தோட்டா பிடிக்கும், வயது இருபதுக்கு மேல். வழக்கம்போல ஜவாஹிர் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அதைப் பிரித்தார். இந்த மாதிரிப் பிஸ்டலில் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். சட்டம், குழல், மேலே ஓடும் உறை மூன்றிலும் ஒரே இலக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. குழலுக்குள் துரு இல்லை. தோட்டாக்கூட்டின் வாய் நெளியவில்லை. சுருள்வில் தளரவில்லை. எண்ணெய்கூடப் போட்டிருந்தது. குழியில் நின்று ஏழு தோட்டாவையும் சுட்டார், ஏழும் வெடித்தன. "நம்பலாம், அறுபது ரூபாய் பெறும்" என்று சீட்டில் எழுதி வைத்தார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் ஓர் ஆள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருந்தார். பெயர் ராஜலிங்கம், அதே கலஹாத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் 'நானா' என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"நானா, தொரையோட பிஸ்டல் வெடிக்கும்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். நேத்து நானே சுட்டுப் பாத்தேன். ஏன் கங்காணி?"

ராஜலிங்கம் வேட்டி முடிச்சை அவிழ்த்து ஒரு தோட்டாவை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். நத்தார்ப் பண்டிகை முடிந்த டிசம்பர் கடைசி வாரம், விடியற்காலை, ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குள் வெறிபிடித்த ஒரு விசர்நாய் புகுந்துவிட்டது. துரை குதிரையிலிருந்து விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருந்தார். கூட வேட்டைக்குப் போய்ப் பழகிய ஆள் என்பதால் ராஜலிங்கத்தின் கையில் பிஸ்டலைக் கொடுத்துச் சுடச் சொன்னார். ராஜலிங்கம் விசையை அழுத்தினார், வெடிக்கவில்லை. உறையை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளுவதற்குள் நாய் பேச்சியம்மாவின் காலைக் கவ்விவிட்டது. அவர் கும்பலிலேயே கொழுந்து பறிக்கும் பெண். கொழும்புக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அன்று மத்தியானமே துரை பங்களாவில் வைத்து இடது கையால் ஒரு டின்னைக் குறிபார்த்துச் சுட்டார். ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போகவில்லை.

"நான் பயந்து வெறச்சுப் போயி, அமுக்காமயே தோட்டாவ இழுத்துத் தள்ளிட்டேன்னு தொரை சொல்லிட்டாரு. கங்காணி வேலை போச்சு. மாசக் கடைசியில லயத்து வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டாரு. அது கூடப் பரவாயில்லீங்க. பொம்பளைய நாய்க்கு விட்டுட்டு நின்னவன்னு சின்னப் பிள்ளைங்க கூடச் சொல்லுதுங்க. பேச்சியம்மா என் மூஞ்சியப் பாக்குறதில்ல."

அன்று வெடிக்காமல் வெளியே விழுந்த அந்தத் தோட்டாவை ஜவாஹிர் திருப்பி அதன் பின்புறம் பார்த்தார். தோட்டாவை அடிக்கும் ஊசி பட்ட தடம் இருந்தது, ஆனால் நகம் பட்டதுபோல லேசாக. தான் நேற்றுச் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் குழி ஆழமாக விழுந்திருந்தது. இந்த மனிதன் விசையை அழுத்தியிருக்கிறான்! ஊசிதான் பலமாக அடிக்கவில்லை. நம்பலாம் என்று தன் கையால் எழுதிய சீட்டு அந்த மேசைமேலேயே கிடந்தது.

உடனே பிஸ்டலைப் பிரித்தார். நேற்று மத்தியானம் தெளிவான எண்ணெயாக இருந்தது இன்று காலைக் குளிரில் நெய்யைப் போல வெள்ளையாக உறைந்து, ஊசி ஓடும் துளையை அடைத்துக் கிடந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். மனைவி கைரியா தலை வாரும்போது வீட்டில் வரும் அதே வாசனை.

"இதுல தேங்காய் எண்ணெய்தான் ஈக்கி. யாரு போட்டது?"

ராஜலிங்கத்தின் முகம் செத்துவிட்டது.

"நான்தாங்க," என்றார். "மொத நாள் தொரை தொடச்சு வைக்கச் சொன்னாரு. தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கு அதத்தானே போடுறோம். நல்ல எண்ணெயாப் பாத்துத்தான் போட்டேன்."

மலைநாட்டில் கத்திக்கும் கதவுக்கும் தலைக்கும் அதுதான் எண்ணெய். உழைக்கிற ஆள் அன்போடு செய்த பிழை. ஜவாஹிருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. எண்ணெயை முகர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் பெரிய கெட்டிக்காரனாம்!

"நீங்க பயப்படல்லண்டு என்னால காட்ட ஏலும்," என்றார். "ஆனா எண்ணெய் போட்டது நீங்கண்டும் சேந்து வெளிய வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

"வரட்டும் நானா," என்றார் ராஜலிங்கம்.

ஜவாஹிர் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டார். சீட்டில் திருத்தி எழுதினால் ஏலக்கடைக்குப் போதும். ஆனால் லயத்து ஆட்கள் சீட்டைப் படிக்கப்போவதில்லை. அதனால், பிஸ்டல் வெடிக்காத இடத்தில், வெடிக்காத நேரத்தில் சோதித்தாலொழியக் கையெழுத்து இல்லை என்று துரைக்குக் கடிதம் எழுதினார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். துரை எரிச்சலோடு வரச் சொன்னார். ஜவாஹிர் முதல் நாளே கலஹாக் கடைத்தெருவுக்குப் போய், தெரிந்த கடைக்காரர் ஹபீல் வீட்டில் தங்கிக்கொண்டார். பிஸ்டலைத் தோட்டா இல்லாமல் பெட்டியில் பூட்டி, குளிர் நேரே அடிக்கும் சன்னலோரம் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டார்.

விடியற்காலை பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ராஜலிங்கம் ஓரமாகத் தனியே நின்றார். ஜவாஹிர் பிஸ்டலில் தோட்டா போட்டுத் துரையின் கையிலேயே கொடுத்து மண்மேட்டைக் காட்டினார். துரையின் கைக்கட்டு அவிழ்ந்து நாளாகியிருந்தது.

துரை அழுத்தினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஜவாஹிர் அசையாமல் நிற்கச் சொல்லி அரை நிமிடம் பொறுத்து, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றிக் கொடுத்தார். அதுவும் வெடிக்கவில்லை. துரையின் காது சிவந்தது.

ஜவாஹிர் பிஸ்டலைப் பிரித்து வெள்ளையாக உறைந்ததை எல்லோருக்கும் காட்டினார். "யார் எண்ணெய்?" என்று துரை கேட்பதற்குள் ராஜலிங்கம் நடுக்களத்துக்கு வந்துவிட்டார்.

"நான் போட்டதுங்க. தேங்காய் எண்ணெய். தப்பு என்னோடதுதான்," என்றார் சத்தமாக, துரையைப் பார்த்து அல்ல, பேச்சியம்மாவைப் பார்த்து.

ஜவாஹிர் தன் வேலையைப் பார்த்தார். மண்ணெண்ணெயில் ஊசியையும் துளையையும் கழுவித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் எடுத்து ஒரு சொட்டு விட்டார். பூட்டிக் கொடுத்தார். அதே குளிரில் துரை சுட்ட ஏழு வெடியும் மலை முழுக்கக் கேட்டன.

துரை பிஸ்டலை ஜவாஹிரிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று சூடு ஏறிய மத்தியானத்தில் தான் சுட்டுப் பார்த்து ஓர் ஆளுக்குத் தீர்ப்புச் சொன்னது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"கங்காணி அமுக்கினது மெய்," என்றார் தன் தோட்டத்துத் தமிழில். "இன்னைக்கு நீ பேர் கூப்பிடு."

ராஜலிங்கம் பேர் பதியும் புத்தகத்தைக் கையில் வாங்கினார். பேச்சியம்மா காலைத் தாங்கித் தாங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எண்ணெய ஊத்துனதுக்கு ஒன்னை ஆயுசுக்கும் திட்டுவேன்," என்றாள். "ஆனா நீ சும்மா நின்னுட்டியோன்னுதான் எனக்குத் தூக்கமே வரல."

அவளை அந்த மாதம் வேறு கங்காணியின் கும்பலில் மாற்றியிருந்தார்கள். அவள் அங்கே திரும்பிப் போகவில்லை. ராஜலிங்கத்தின் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். ஜவாஹிர் களத்து ஓரத்தில், புதுச் சீட்டில் "தேங்காய் எண்ணெய் கூடாது" என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துக் கோணியது. கண்ணில் தண்ணீர் நின்றதால் அவருக்குக் கடதாசி சரியாகத் தெரியவில்லை.

"பேச்சியம்மா," என்று கூப்பிட்டார் ராஜலிங்கம்.

"இருக்கேன்," என்றாள் அவள்.