அறுபது சதவீதத்தில் நின்ற தலைவர்

பூண்டும் கேரட்டும் போடுகிறவன் நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். செடியிடம் பேச வேண்டியதில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் என் தொண்டை தானாகவே பூட்டிக்கொள்ளும். மன்னவனூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் ஊர்க் காரியம் எதையும் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

நாற்பத்தெட்டு வயதில் ஒன்றைக் கொடுத்தார்கள். மாரியம்மன் திருவிழாவைப் படம் பிடிக்கும் வேலை.

கேமரா என் மச்சினனுடையது. வெளிநாட்டுக்குப் போகும்போது எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். கேரட் கழுவுவதையும் மேகம் காட்டுக்குள் இறங்குவதையும் நான் அதில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை யாரோ கவனித்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பதில் பெரிய வசதி ஒன்று உண்டு, யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. மூன்று நாளும் சாமியாடுகிறவர்களுக்கு ஒரு கை தூரத்தில் நின்று எடுத்தேன், கூச்சமே வரவில்லை. படத்தை வெட்டி ஒட்டி அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் முன்னால் திரை கட்டிப் போடுவதாகக் கமிட்டி முடிவு செய்தது. ஊர் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை. அது என் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று, வெளியே சொல்லாவிட்டாலும், ரொம்ப ஆசைப்பட்டேன்.

மதுரையில் படிக்கும் மகளின் பழைய லேப்டாப்பில் எடிட்டிங் சாப்ட்வேர் இருந்தது. படத்தை அதில் போட்டேன். கொட்டுச் சத்தம் வந்தது, குலவை வந்தது, படம் வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. பின்னால் வந்து நின்ற என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அமாவாசையில எடுத்தீங்களோ?" என்றாள்.

கொடைக்கானல் டவுனில் என்னோடு படித்தவன் ஒருவன் போட்டோக் கடை வைத்திருக்கிறான். சர்ச்சுக்குக் கீழே இறங்கும் தெருவில் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடவும் செய்வான். கேமராவையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"படம் நல்லாத்தான்டா இருக்கு. ஒன் கேமரா ரொம்ப இறுக்கி வச்சிருக்கு. இந்த சாப்ட்வேருக்கு அதப் பிரிக்கத் தெரியல. கன்வெர்ட் பண்ணணும்," என்று சொல்லி, அதற்கு ஒரு சாப்ட்வேரையும் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான்.

எனக்கு அது முட்டைக்கோஸ் மாதிரி விளங்கியது. இடம் போதாமல் கேமரா இலைமேல் இலையாக இறுக்கி மூடி வைத்துக்கொள்கிறது. வெட்டி ஒட்டுவதென்றால் இலையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாக வேண்டும். பிரித்துப் போட்டால் அதே கோஸ் மூன்று கூடை இடத்தை அடைக்கும். நிஜமாகவே அப்படித்தான் ஆனது. கன்வெர்ட் ஆன படம் ஒவ்வொன்றும் பழையதைப் போல ஐந்தாறு மடங்கு பெரிதாக வந்தது.

கேமரா தன் படங்களுக்கு வெறும் எண்களைத்தான் பெயராக வைத்திருந்தது. எனக்குக் குழம்பியது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் எழுதினேன்: அம்மன், பூசாரி, முளைப்பாரி, தலைவர். தலைவர் என்றால் திருவிழாக் கமிட்டித் தலைவர். அவர் படம்தான் எல்லாவற்றிலும் நீளம். பரிவட்டம் கட்டிக்கொண்டதில் ஆரம்பித்து மைக்கில் நன்றி சொல்லி முடிக்கிற வரைக்கும் நாற்பது நிமிடம்.

மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தலைவர் இன்னும் முடியவில்லை. மூடினால் நின்றுவிடும் என்று நண்பன் சொன்னதால், லேப்டாப்பைப் பாதி திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன் சீட்டில் எங்கள் ஊர்க்காரம்மா ஒருவர், எனக்கு அத்தை முறை, காலிச் சாக்குகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு இருந்தார்.

பூம்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் போன் அடித்தது, நண்பன்தான். அந்த வளைவில் கிடைக்கும் சிக்னல் அடுத்த வளைவில் போய்விடும். வெரசாகச் சொல்ல வேண்டும், எஞ்சின் இரைச்சலுக்கு மேலேயும் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பஸ்ஸுக்குள் சத்தமாகப் பேசினேன்.

"அம்மன் கன்வெர்ட் ஆயிருச்சுடா. ஒரு பிரச்சனையும் இல்ல."

அவன் ஏதோ கேட்டான்.

"பூசாரிதான் மொதல்ல மாட்டேன்னுட்டாரு. ரெண்டாவது தடவ சரியா வந்துட்டாரு. முளைப்பாரிப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் ஒண்ணா முடிஞ்சிருச்சு. தலைவர் மட்டும் அறுபது சதவீதத்துல நிக்கிறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள அவரையும் முடிச்சிருவேன். கன்வெர்ட் ஆனப்பறம் பழசையெல்லாம் அழிச்சிரலாமா?"

லைன் போய்விட்டது. நிமிர்ந்தால் அத்தை திரும்பி என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் பூசியிருந்த திருநீறு வேர்வையில் போயிருக்க வேண்டும்.

"டவுன்ல யாரப் பாத்துட்டு வர்றீங்க மாப்ள?"

"ஒரு சோலியாப் போனேன் அத்தை. சர்ச்சுக்குக் கீழ கடை வச்சிருக்கான்ல, அவனத்தான்."

"சரி சரி," என்றவர் ஊர் வரும் வரை திரும்பவே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க பாஸ்டர். கை கால் கழுவிட்டு வாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தலைவர அறுபது சதவீதம் மாத்திட்டீங்களாமே. மீதி நாப்பது எப்ப?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கன்வெர்ட் என்றால் என்னவென்று கடையிலிருந்தே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன், அதனால் அவளுக்கு உண்மை தெரியும். ஊருக்கு அந்த வார்த்தையில் ஒரே அர்த்தம்தான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கு வெள்ளனே கூட்டமாம். படத்த ஒங்ககிட்ட இருந்து வாங்கி வேற ஆளுகிட்ட குடுக்கணும்னு பேச்சு. நீங்கதான் எந்திரிச்சு வெவரம் சொல்லணும்."

"நீ சொல்லேன்."

"நான் நல்லாப் பேசுவேன். ஆனா எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதே."

சாயங்காலமே காற்றடித்துக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப் பேட்டரியும் தீர்ந்தது. இருந்த சதவீதமெல்லாம் போய், விடியற்காலையில் கரண்ட் வந்ததும் தலைவரைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். சொல்ல வேண்டியதை அடுப்பங்கரையில் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நாலு தடவையும் நன்றாக வந்தது.

கேமராவைத் தோளில் மாட்டி, லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். ஊர் மொத்தமும் இருந்தது. தலைவர் எனக்கு மாமா முறை, உருளைக்கிழங்கு வியாபாரி. அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, வருத்தப்பட்டார்.

"மாப்ள, நீங்க எந்தச் சாமியக் கும்பிட்டாலும் அது ஒங்க இஷ்டம். யாரும் கேக்கப் போறதில்ல. என்னைய ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமச் சேத்தீங்க? அதுவும் அறுபதுன்னு."

"ஒங்களுக்காச்சும் அறுபது," என்றார் பூசாரி. "என்னைய முழுசா முடிச்சிட்டாராம். மொதல்ல மாட்டேன்னு சொன்னேனாம். ரெண்டாந்தடவ ஒத்துக்கிட்டேனாம். எனக்கே இது தெரியாது."

நான் எழுந்தேன். அடுப்பங்கரையில் வந்தது இங்கே வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் படம் இருந்த கேமராவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

பெண்கள் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "இருபத்திரெண்டு வருசமா என்கிட்டயே நாலு வார்த்த சேந்தாப்ல பேசினதில்ல. இவரு போயி ஊரையே மாத்தப் போறாராக்கும்."

சிரிப்பு எழுந்தது. அந்த இடைவெளியில் நான் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி, கோயில் படியில் வைத்தேன். திரையில் 'தலைவர்' என்று எழுதியிருந்தது. கீழே ஒரு பச்சைக் கோடு. பக்கத்தில் எண்பத்து மூன்று.

"மாமா இன்னும் ஆகலைங்க," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பூசாரி குனிந்து பார்த்தார். "எண்பத்தி நாலு," என்றார்.

ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பச்சைக் கோடு அட்டை ஊர்வதுபோல நகர்ந்தது. தலைவர் தன் பெயருக்கு எதிரே ஏறும் எண்ணைக் கைகட்டிக்கொண்டு பார்த்தார். எண்பத்தெட்டில் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், தொண்ணூற்றைந்து வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு. தொண்ணூற்றொன்றில் டீ வந்தது. தொண்ணூற்றாறில் கோடு வெகுநேரம் அப்படியே நிற்க, "மாமா லேசுல ஒத்துக்கிற ஆளா?" என்று யாரோ சொன்னார்கள். தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார்.

நூறு ஆனதும் திறந்து காட்டினேன். இந்த முறை கறுப்பு இல்லை. நல்ல வெயிலில், பரிவட்டத்தோடு, நெற்றி நிறையப் பட்டையோடு தலைவர் நின்றார். பூசாரி திரையையும் பக்கத்தில் நின்ற தலைவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"விபூதி அப்படியேதான் கெடக்கு," என்றார்.

கேமராவுக்கு நீட்டிய கை எப்போது கீழே இறங்கியதென்று நான் கவனிக்கவில்லை. அத்தை முன்னால் வந்து முளைப்பாரியைப் போடச் சொன்னார், தான் அதில் இருக்கிறோமா என்று பார்க்க வேண்டுமாம். தலைவர் விடவில்லை. தன்னையே இன்னொரு தடவை பார்த்தார்.

"மாப்ள, என் தோளு ஏன் ஒரு பக்கமாச் சரிஞ்சு கெடக்கு? இதக் கன்வெர்ட் பண்ணி நேராக்க முடியாதா?"

"அது கன்வெர்ட்டுல வராதுங்க மாமா. நீங்க நேரா நின்னிருக்கணும்."

என் குரல்தான். அத்தனை பேர் முன்னாலும் தெளிவாகக் கேட்டது. தலைவர்தான் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும்.

"அப்ப வெள்ளிக்கிழமை நீங்களே போடுங்க," என்றார் அவர். "போடுறப்ப மைக்கப் பிடிச்சு முன்னால நின்னு, இன்னது இன்னதுன்னு வெவரமும் சொல்லிருங்க. இம்புட்டு நல்லாப் பேசுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

முடியாது என்று சொல்லச் சொல்லி என் மனைவியைப் பார்த்தேன். அவள் எனக்கும் சேர்த்துச் சரியென்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.